டைல்ஸ் வேலைக்கு எந்த நீ பேட் (முட்டியில் கட்டுகிற மெத்தை)? முட்டு வீங்கின பிறகு வாங்கினால் பிரயோசனம் உண்டா?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்கிறேன். அப்பாவுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. குமரி மாவட்டத்தில் மார்த்தாண்டம், கருங்கல் பக்கமெல்லாம் டைல்ஸ் பதிக்கிற வேலை. வலது முட்டின் மேல் எலுமிச்சம்பழ அளவுக்கு வீக்கம், தொட்டால் உள்ளே தண்ணீர் குழைகிறது, பெரிய வலி இல்லை. மெடிக்கலில் நீ கேப் வாங்கிப் போட்டுப் பார்த்தார், ஒன்றும் ஆகவில்லை. ஆன்லைனில் நூற்றைம்பது ரூபாயிலிருந்து சில ஆயிரம் வரை நீ பேட் கிடக்கிறது, எதை வாங்குவது, வாங்கிப் போட்டால் வீக்கம் போய்விடுமா?

நான் டாக்டர் இல்லை. வளைகுடாவில் சைட்டில் தரை வேலை பார்த்து, அப்புறம் ஊருக்கு வந்து இங்கேயும் பார்த்து, இப்போது ஆள் வைத்து எடுத்துச் செய்கிறேன். முட்டு போன ஆட்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த அளவில் சொல்கிறேன்: பேட் வாங்குங்கள், ஆனால் வீக்கத்துக்கு மருந்தாக வாங்காதீர்கள். முதலில் ஒரு எலும்பு டாக்டரிடம் காட்டிவிட்டு வாங்குங்கள்.

அந்த வீக்கம் பெரும்பாலும் என்னவென்றால், முட்டுச் சிரட்டைக்கும் தோலுக்கும் நடுவில் எல்லாருக்குமே மெல்லிய ஒரு பை இருக்கிறது, பர்சா என்பார்கள். தோல் எலும்பின் மேல் உரசாமல் வழுக்கிப் போவதற்காக இருக்கிற பை. சும்மா இருக்கும்போது அதில் நீர் இருப்பதே தெரியாது. நாள் முழுக்க சிமெண்ட் தரையில் முட்டி போட்டு நகர்ந்தால் அந்தப் பை எரிச்சலாகி நீர் கோர்க்கும். உங்கள் அப்பாவுக்கு இதுவாகத்தான் இருக்கும் என்று நான் நினைக்கிறேன், ஆனால் நான் நினைப்பது முக்கியமில்லை, வேறு காரணங்களும் உண்டு, மூட்டுக்கு உள்ளேயே நீர் கோர்த்திருந்தால் அது வேறு கதை. வலி குறைவாக இருப்பதால் ஆட்கள் இதைக் கண்டுகொள்ளாமல் மாதக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள், பையின் சுவர் தடித்துப் போய் அப்புறம் எத்தனை தடவை நீர் எடுத்தாலும் திரும்பத் திரும்ப வந்து நிற்கும்.

பயப்பட வேண்டியது ஒரே ஒரு நிலைமை. வீக்கம் சிவந்து, தொட்டால் சுட்டு, வலி கூடி, காய்ச்சலோ குளிரோ வந்தால் அது கிருமி புகுந்த வீக்கம். டைல்ஸ் சில்லு குத்தின சின்னக் கீறல் போதும், அது வழியாக உள்ளே போய்விடும். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜோ வேறு எதுவோ, மறுநாள் வேலை முடித்துவிட்டுப் போகலாம் என்று வைக்கக்கூடாது. சுகர் உள்ளவராக இருந்தால் இரண்டு மடங்கு கவனம். வீட்டில் ஊசியால் குத்தி நீர் எடுக்கிற வித்தை செய்கிறவர்களும் இருக்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம். நம் ஊரில் முட்டு என்றால் முதலில் ஆசானிடம்தான் போவோம், எண்ணெய் போட்டுத் தடவி உழிச்சல் பார்ப்போம், வர்மம் தெரிந்த ஆசான்மாரை நான் குறை சொல்லவில்லை, நானே போகிறவன்தான். ஆனால் சிவந்து சுடுகிற வீக்கத்தை அமுக்கித் தடவக்கூடாது, நல்ல ஆசான் என்றால் அவரே கையை வைக்காமல் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார். சிவக்காத, சுடாத வீக்கத்துக்குத் துணியில் சுற்றின ஐஸ் பத்துப் பதினைந்து நிமிஷம் வைக்கலாம். அந்த முட்டில் ஊன்றாமல் சில வாரம் இருந்தால் பாதிப் பேருக்குத் தானாகவே வற்றிவிடுகிறது என்பது நான் கண்டது, ஆனால் தினக்கூலிக்காரரிடம் சில வாரம் ஊன்றாதே என்று சொல்வது எவ்வளவு சுலபம் என்று உங்களுக்கே தெரியும்.

சரி, பேட் என்ன செய்யும், என்ன செய்யாது என்பதற்கு வருவோம், ஏனென்றால் இது புரியாமல் வாங்கினால் எத்தனை ஆயிரம் கொடுத்தாலும் ஏமாற்றம்தான்.

முட்டி போட்டு வேலை செய்வதில் இரண்டு தனித்தனி உபத்திரவம் இருக்கிறது. ஒன்று அழுத்தம். உடம்பு எடை முழுக்க ஒரு சின்ன எலும்பு முனையில் இறங்குகிறது, தோல், பர்சா, எலும்பு எல்லாம் அடி வாங்குகிறது. இன்னொன்று மடக்கம். காலை முழுசாக மடக்கிக் குதிகாலில் உட்காரும்போது மூட்டுக்குள்ளே இருக்கிற குருத்தெலும்பும் அதன் நடுவில் இருக்கிற பிறை வடிவச் சவ்வும் நசுங்குகின்றன. அந்த நிலையிலேயே இடுப்பைத் திருப்பி டைல்ஸை எடுத்தால் சவ்வு கிழியக்கூட வாய்ப்பு உண்டு. நீ பேட் முதல் உபத்திரவத்துக்கு மட்டும்தான் மருந்து. அழுத்தத்தைப் பரப்பிவிடும், குத்துவதைத் தடுக்கும், குளிர்ந்த தரையையும் வெயிலில் கொதிக்கிற மொட்டை மாடியையும் தோலிலிருந்து விலக்கி வைக்கும். மடக்கத்தை அது ஒரு டிகிரி கூடக் குறைக்காது. எழுந்திருக்கும்போது முட்டு பூட்டிக்கொள்கிறது, படி இறங்கும்போது திடீரென்று வழுக்கி விட்டுக்கொடுக்கிறது என்றெல்லாம் அப்பா சொன்னால் அது பேட் விஷயமே இல்லை, உள்ளே பார்க்க வேண்டிய விஷயம்.

இதை வெளிநாட்டில் தொழில் நோயாகவே எடுத்துக்கொள்கிறார்கள். ஜெர்மனியில் 2009-லிருந்து, முட்டி போட்டுச் செய்கிற வேலையால் வருகிற மூட்டுத் தேய்மானம் அரசாங்கப் பட்டியலில் இருக்கிறது, வாழ்நாளில் மொத்தம் 13,000 மணி நேரமாவது முட்டு போட்டிருக்க வேண்டும், ஒரு ஷிப்டுக்கு ஒரு மணி நேரமாவது இருந்திருக்க வேண்டும் என்பது அங்கே கணக்கு. பிரிட்டனில் அதே 2009-ல் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிகளுக்கும், 2012-ல் தரை பதிப்பவர்களுக்கும் ஒப்புக்கொண்டார்கள். அப்பாவின் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு நாளைக்கு நாலு மணி நேரம், வருஷத்துக்கு 250 நாள் வேலை என்றால் வருஷத்துக்கு 1,000 மணி, பதின்மூன்று வருஷத்தில் அந்த எண்ணைத் தொட்டுவிடுவார். நம் ஊரில் பதினெட்டு வயதில் கையாளாக இறங்கினவன் முப்பது முப்பத்திரண்டிலேயே தொட்டுவிடுகிறான்.

நீ கேப் ஏன் பிரயோசனப்படவில்லை என்று கேட்டீர்கள். மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கிற அந்த எலாஸ்டிக் உறை முட்டைச் சுற்றி இறுக்கிப் பிடிப்பதற்கானது, நடக்கிறவர்களுக்கு ஒரு தெம்பு கொடுக்கும். அதில் மெத்தை கிடையாது. முட்டி போட்டால் துணியின் மடிப்பு முட்டுக்குப் பின்னால் குவிந்து இன்னும் கொஞ்சம் கஷ்டம்தான். கடையில் நீ பேட் என்று கேட்டால் பத்துக் கடையில் எட்டுக் கடை நீ கேப்பைத்தான் எடுத்து வைக்கும், ஆகையால் 'தரை வேலைக்கு முட்டி போடுகிற பேட்' என்று விளக்கிச் சொல்லுங்கள், ஹார்டுவேர் கடையிலோ சேஃப்டி சாமான் விற்கிற கடையிலோ கேளுங்கள். ஸ்கேட்டிங், வாலிபால் பேடும் இதற்கு ஆகாது, அவை விழுகிற அடியைத் தாங்கச் செய்தவை, மணிக்கணக்கில் ஊன்றி நிற்பதற்கு அல்ல. ஸ்கேட்டிங் பேடின் மூடி உருண்டையாக இருக்கும், அதில் முட்டி போட்டுப் பாருங்கள், ஆள் பக்கவாட்டில் ஆடிக்கொண்டே இருப்பார், அந்த ஆட்டத்தைச் சமாளிக்கவே தொடையும் இடுப்பும் வலித்துப் போகும்.

இப்போது தேர்வு. முதல் கேள்வி, எந்தத் தரையில் ஊன்றுகிறார் என்பது. விலை அப்புறம்.

உங்கள் அப்பா பெரும்பாலும் வீட்டுக்குள்ளே விட்ரிஃபைட் டைல்ஸ் பதிக்கிறவர் என்று எடுத்துக்கொள்கிறேன், இரண்டடிக்கு இரண்டடி, நாலடிக்கு இரண்டடி மாதிரி. அந்தப் பளபளப்புத் தரையில் கடினப் பிளாஸ்டிக் மூடி வைத்த பேட் இரண்டு விதத்தில் கெடுதல். ஒன்று, மூடி வழுக்கும், கையில் இருபது கிலோ டைல்ஸோடு முட்டு வழுக்கினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. இரண்டு, மூடியில் ஒரு மணல் துகள் ஒட்டியிருந்தால் போதும், நகர்கிற இடமெல்லாம் கோடு. வெளிச்சம் சாய்வாக விழும்போதுதான் அந்தக் கோடு தெரியும். சாயங்காலம் வீட்டுக்காரர் ஜன்னல் பக்கம் நின்று பார்த்துவிட்டுக் கூப்பிடுவார், அப்புறம் பெயிண்டரையும் எலக்ட்ரீசியனையும் கைகாட்டி என்ன பேசினாலும் பில்லில்தான் பிடிப்பார்கள். ஆகையால் உள்வேலைக்கு முன்பக்கம் மென்மையான ரப்பரோ தடித்த நுரையோ உள்ளது, முகம் தட்டையாகவும் அகலமாகவும் உள்ளது. தட்டையாக இருந்தால் எடை பரவும், ஆடாது. தினமும் காலையில் பேடின் முகத்தை ஈரத்துணியால் ஒரு தடவை துடைத்துவிட்டு உள்ளே இறங்கச் சொல்லுங்கள்.

வெளியே பேவர் பிளாக் பதிக்கிறவர்கள், பேபி ஜல்லி மேலும் கரடான கான்கிரீட் மேலும் வேலை செய்கிறவர்களுக்கு நேர் எதிர். அவர்களுக்குக் கடின மூடிதான் வேண்டும். மென்மையான பேடில் ஜல்லி முனை ஊடுருவி வந்து எலும்பில் குத்தும், ஒரு மாதத்தில் பேடும் கிழிந்துபோகும். கம்பி கட்டுகிறவர்களுக்குப் பேடைவிட ஒரு பிளைவுட் துண்டு நல்லது, கம்பி வலையின் மேல் போட்டு அதில் ஊன்றலாம், எடுத்து நகர்த்திக்கொண்டே போகலாம். வெல்டிங் பட்டறைக்காரர்களுக்கு நுரை கூடவே கூடாது, பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டும், தோல் உறை போட்டதுதான்.

இதற்கெல்லாம் ஐரோப்பாவில் ஒரு தரக்குறியீடு இருக்கிறது, ஈஎன் 14404 (EN 14404). ஆன்லைனில் வாங்கும்போது இந்த எண்ணைத் தேடுங்கள், வெறும் சிஇ (CE) முத்திரையை மட்டும் நம்பாதீர்கள். அதில் வகை ஒன்று என்றால் காலில் பட்டை போட்டுக் கட்டுவது. இரண்டு, பேண்டின் முட்டுப் பாக்கெட்டுக்குள் செருகுகிற மெத்தை. மூன்று, உடம்போடு ஒட்டாத பாய், பலகை மாதிரியானவை. நாலு, எழுந்து உட்கார உதவுகிற சட்டத்தோடு சேர்ந்து வருவது. அப்புறம் பாதுகாப்பு நிலை. பூஜ்யம் என்றால் சமதளத்துக்கு மட்டும், குத்துவதிலிருந்து பாதுகாப்பு இல்லை. நிலை 1, சமதளத்தில் கிடக்கிற சின்னக் கல், சில்லு இவற்றைத் தாங்கும், 100 நியூட்டன் விசையில் குத்திச் சோதிப்பார்கள். நிலை 2, சுரங்கத்தில் உடைந்த பாறை மேல் ஊன்றுவது போன்ற மோசமான இடத்துக்கு, 250 நியூட்டன். அப்பாவுக்கு வகை ஒன்று, நிலை 1 போதும். பேவர் பிளாக்காரர்களுக்கு நிலை 2 இருந்தால் நல்லது.

உள்ளே என்ன இருக்கிறது என்பது அடுத்தது. ஜெல் என்று போட்டிருந்தால் உடனே விழுந்துவிடாதீர்கள். மெல்லிய ஜெல் தகடு ஒன்றை நுரையின் மேல் ஒட்டிவிட்டு ஜெல் பேட் என்று விற்பது சகஜம். நல்ல ஜெல் பேட் சுகம்தான், ஆனால் கனம், வெயிலில் சூடேறும். எனக்குப் பிடித்தது அடர்த்தியான நுரை, இரண்டு இரண்டரை செ.மீ. தடிமனில். சோதிக்க எளிய வழி: பெருவிரலை வைத்து முழுபலத்தோடு அழுத்துங்கள். விரல் அடியில் போய்த் தட்டினால் அந்த நுரை அப்பாவின் எடைக்கு நிற்காது, கீழே வையுங்கள். பாதி தூரம் போய் எதிர்த்து நின்று, விரலை எடுத்ததும் மெதுவாக எழும்பினால் அது சரி. கையில் வைத்து அமுக்கும்போது மெத்து மெத்தென்று சுகமாக இருப்பதுதான் பெரும்பாலும் ஒரு வாரத்தில் அப்பளமாகிறது.

ஆனால் என் அனுபவத்தில் பேடின் தலையெழுத்தைத் தீர்மானிப்பது நுரையும் இல்லை மூடியும் இல்லை, பட்டை. ஆட்கள் பேடைக் கழற்றி மூலையில் எறிவதற்குக் காரணம் கேட்டுப் பாருங்கள், 'குத்துது' என்று யாரும் சொல்வதில்லை, 'பின்னால அறுக்குது', 'கீழ இறங்குது' என்றுதான் சொல்வார்கள். மலிவு பேடில் ஒரு விரல் அகல எலாஸ்டிக் இரண்டு இருக்கும், ஒன்று சரியாக முட்டு மடிகிற குழியில் விழும். அங்கேதான் காலுக்குப் போகிற ரத்தக்குழாயும் நரம்பும் ஓடுகிறது, மடக்கி உட்காரும்போது அந்த எலாஸ்டிக் சதைக்குள் பதிந்துவிடும். கொஞ்ச நேரத்தில் கால் மரத்துப் போகும். நல்ல பேடில் ஒரு பட்டை மடிப்புக்கு மேலே தொடையின் கீழ்ப்பகுதியில் அகலமாக விழும், மற்றொன்று மடிப்புக்குக் கீழே கெண்டைக்காலில் விழும், நடுவில் குழி காலியாக இருக்கும். தொடையை அகலமாகப் பிடிக்கிற மாதிரி பேடுகள் கொஞ்சம் விலை கூடுதல், ஆனால் எழுந்து நடந்தாலும் இறங்காது.

கீழ்ப் பட்டையில் ஒரு எச்சரிக்கை. முட்டுக்கு வெளிப்பக்கம் கொஞ்சம் கீழே விரலை வைத்துத் தடவினால் ஒரு எலும்பு முனை தட்டுப்படும். அதைச் சுற்றித்தான் பாதத்தை மேலே தூக்குகிற நரம்பு, தோலுக்கு வெகு பக்கத்தில் போகிறது. பட்டையின் கொக்கி அந்த இடத்தில் இறுக்கமாக விழுந்தால், அல்லது பட்டையே இல்லாமல் மணிக்கணக்கில் குந்தியிருந்தாலும்கூட, பாதத்தின் மேல்புறம் மரத்துப் போகலாம், நடக்கும்போது முன்பாதம் தரையில் உரசலாம், செருப்பு காலில் நிற்காமல் கழன்று போகலாம். இப்படி எதுவும் தெரிந்தால் பட்டையை உடனே தளர்த்த வேண்டும், சரியாகவில்லை என்றால் டாக்டரைப் பார்க்க வேண்டும். கொக்கி எப்போதும் முன்பக்கமோ உள்பக்கமோ இருக்கிற மாதிரி பார்த்து வாங்குங்கள்.

போடுகிற முறையும் உண்டு. நின்றுகொண்டு இறுக்கினால் உட்காரும்போது தொடையும் கெண்டையும் புடைத்து அறுக்கும். முட்டி போட்டபடியே, சிரட்டை சரியாக நடுக்குழியில் உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பட்டைக்கு அடியில் இரண்டு விரல் போகிற அளவுக்கு மட்டும் இறுக்க வேண்டும். அப்புறம் எழுந்து கொஞ்ச தூரம் நடந்து, திரும்பவும் முட்டி போட்டுப் பார்க்க வேண்டும். ஒட்டுகிற வெல்க்ரோ பட்டை என்றால் சிமெண்ட் தூள் ஏறி சீக்கிரம் பிடிமானம் போய்விடும், பழைய டூத் பிரஷ்ஷால் அவ்வப்போது தேய்த்து எடுத்தால் கொஞ்ச நாள் கூட ஓடும். என் ஆட்களுக்கு நான் செய்வது, வெல்க்ரோ போனதும் பை தைக்கிற கடையில் கொடுத்து ஸ்கூல் பேக் நாடாவும் பிளாஸ்டிக் கொக்கியும் வைத்துத் தைத்துவிடுவது. வடசேரியில் அப்படி ஒரு கடைக்காரர் பேடைப் பார்த்ததுமே எந்த நாடா என்று எடுத்து வைத்துவிடுவார். கம்பெனி பட்டையைவிட அது உழைக்கும்.

அப்பா சாரம் (லுங்கி) கட்டிக்கொண்டு வேலை செய்கிறவரா? நம் ஊரில் பாதிப் பேர் அப்படித்தான். சாரத்துக்கு மேல் பேட் கட்டினால் துணி சுருண்டு மடிப்பு விழுந்து அதுவே குத்தும். வெறுங்காலில் கட்டினால் வியர்வையும் ரோமமும் சேர்ந்து எரியும். ஒரு பழைய டிராக் பேண்டோ முட்டுக்குக் கீழே வருகிற அரை டிரவுசரோ போட்டு அதன் மேல் பேடைக் கட்டி, மானத்துக்கு மேலே சாரத்தை மடித்துக் கட்டிக்கொள்வதுதான் வழி. பேண்ட் போடுகிறவர் என்றால் டெய்லரிடம் கொடுத்து முட்டில் மேல்பக்கம் திறந்த பாக்கெட் தைக்கச் சொல்லி உள்ளே மெத்தை செருகலாம், பட்டையே தேவையில்லை, அறுக்காது. அதில் ஒரே சங்கடம், நிற்கும்போது சரியாக இருக்கிற பாக்கெட் முட்டி போடும்போது மேலே ஏறிவிடும். அதனால் தைக்கக் கொடுக்கும்போது முட்டி போட்டு சாக்பீஸால் குறித்துக் கொடுக்க வேண்டும்.

பெண்களுக்கு இந்தப் பட்டை சமாச்சாரமே ஒத்துவராது. சேலை, நைட்டி மேல் சட்டை போட்டு வேலை செய்கிறவர்கள், தோவாளைப் பக்கம் பூந்தோட்டத்தில் களை எடுக்கிறவர்கள், வீட்டுத் தரை துடைக்கிறவர்கள், இவர்களுக்குப் பாய்தான் நல்லது. தடித்த நுரையில் ஒரு முழ நீளம், கையில் பிடித்துத் தூக்க ஒரு துளை. அண்டி ஆபீஸில், அதாவது முந்திரிக்கொட்டை ஆலையில், நாள் முழுக்கக் கீழே இருந்து அண்டி உடைக்கிற அக்காமாருக்குப் பிரச்சினை முட்டியின் மேல் அழுத்தம் இல்லை, மடக்கம். அவர்களுக்கு ஒரு சாண் உயர முக்காலி கொடுத்தால் எந்தப் பேடும் செய்யாததை அது செய்யும். ரப்பர் வெட்டுகிறவர்களும் கேட்கிறார்கள், குலசேகரம் அருமனைப் பக்கமிருந்து. பால் வெட்டுகிற இடம் கீழே இறங்கின மரத்தில் குனிந்தோ குந்தியோ வெட்ட வேண்டியிருக்கிறது, உண்மைதான், ஆனால் ஒரு மரத்தில் நிற்பது சில நொடி, அப்புறம் மேடும் பள்ளமுமாக அடுத்த மரத்துக்கு நடை. அந்த நடையில் பேட் பட்டை தொடையை உரசிப் புண்ணாக்கிவிடும். அவர்களுக்கு நான் பேடைச் சொல்வதில்லை.

கோயிலில், அதாவது சர்ச்சில், முட்டி போடுவது பற்றியும் ஒருவர் கேட்டிருந்தார், அம்மா தினமும் பூசைக்குப் போகிறவராம். நிமிர்ந்து முட்டி போட்டால் எடை சிரட்டையில் விழுவதில்லை, அதற்குக் கீழே இருக்கிற எலும்பு முனையில்தான் விழும், டைல்ஸ்காரர் மாதிரி முன்னால் குனிந்து கையூன்றும்போதுதான் சிரட்டை அடி வாங்கும். அதனால் அம்மாவுக்குத் தேங்காய்நார் மிதியடியைவிடக் கொஞ்சம் தடித்த சின்னத் தலையணை போதும், சிரட்டைக்குக் கீழே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

அடுத்து இதை ஏனோ யாரும் சொல்வதில்லை. சிமெண்ட். ஈரச் சிமெண்ட் கடுமையான காரம், பிஎச் அளவு 12-க்கு மேல் போகும். சிமெண்ட் பால் பேடுக்குள் ஊறி, அந்த ஈரத்தோடு தோலில் ஒட்டி நாள் முழுக்க இருந்தால் தோல் வெந்துபோகும். இதில் மோசம் என்னவென்றால் அந்த நேரத்தில் வலிக்காது, ராத்திரிதான் தெரியும், காலையில் பார்த்தால் தோல் கன்றி உரிந்து கிடக்கும். பேட் போடாமல் இருந்தாலாவது கழுவிவிட்டிருப்பார், பேட் அதை மூடி வைத்துக் காப்பாற்றுகிறது. துணி உறை போட்ட பேடைவிட தண்ணீர் குடிக்காத நுரை இதனால்தான் நல்லது. ஈரம் உள்ளே போனது தெரிந்ததும் கழற்றி, முட்டியையும் பேடையும் நல்ல தண்ணீரில் நிறையக் கழுவ வேண்டும், ஒரு குவளை ஊற்றித் துடைப்பது போதாது. கொத்துவேலை செய்கிறவர்களுக்கு ஈரக் கலவையில் நேராக முட்டி ஊன்றுகிற பழக்கம் உண்டு, அது பேட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கூடாது.

மழை மாதங்களில் இன்னொரு தொல்லை. நமக்கு ஜூனில் ஒரு மழை, ஐப்பசி கார்த்திகையில் ஒரு மழை, பேட் காயவே காயாது. ஈரப் பேடைத் திரும்பக் கட்டினால் படர்தாமரை நிச்சயம். முடிந்தால் இரண்டு ஜோடி வாங்குங்கள், விலை கூடின ஒன்றைவிட நடுத்தரமான இரண்டு இங்கே உதவும். ராத்திரி சோப்புத் தண்ணீரில் அலசி நிழலில் தொங்கவிட வேண்டும், வெயிலில் போட்டால் எலாஸ்டிக் செத்துப் போகும்.

மடக்கத்தைப் பற்றிச் சொன்னேன் அல்லவா, அதற்கு வேலை முறையைத்தான் மாற்ற வேண்டும். டென்மார்க்கில் தரை பதிப்பவர்களுக்கு நின்றபடியே பசை தடவுகிற நீளக் கைப்பிடிக் கருவிகளைப் பயிற்சியோடு கொடுத்துப் பார்த்தார்கள். நமக்கு அவ்வளவு வேண்டாம். டைல்ஸைத் தரையில் குந்தி கட்டரில் வெட்டாமல், நாலு சிமெண்ட் கட்டை மேல் பலகை போட்டு இடுப்பு உயரத்தில் நின்று வெட்டச் சொல்லுங்கள், இதிலேயே ஒரு நாளில் கணிசமான நேரம் முட்டு மிச்சம். டைல்ஸ் இடுக்கில் நிரப்புகிற கிரவுட்டைத் தேய்ப்பதை நீளக் கம்பு போட்ட ரப்பர் வைப்பரால் நின்றுகொண்டே தள்ளலாம், ஓரமும் மூலையும் மட்டும் கீழே இறங்கினால் போதும். டைல்ஸ் எடுத்துக் கொடுப்பது, கலவை கொண்டுவருவது எல்லாம் கையாள் பக்கத்தில் வைக்கட்டும், முட்டியில் நின்றபடி இடுப்பைத் திருப்பிக் கனம் எடுப்பதுதான் சவ்வுக்கு எமன். ஒரு முட்டு தரையில், மற்ற கால் பாதம் ஊன்றியபடி மாறி மாறி வேலை செய்யலாம். முழுசாக மடக்கி உட்கார்ந்தே ஆக வேண்டிய இடத்தில் குதிகாலுக்கும் பிட்டத்துக்கும் நடுவில் ஒரு சாக்குச் சுருளோ சின்னப் பலகையோ வைத்தால் மூட்டு முழு மடிப்புக்குப் போகாது. அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து காலை நீட்டி மடக்கச் சொல்லுங்கள். சொன்னால் கேட்பாரா என்பது வேறு விஷயம், டைல்ஸ்காரர் கலவை இறுகுவதற்குள் வரிசையை முடிக்கப் பார்ப்பார், அதனால் கலவையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்கச் சொல்லுங்கள், இடைவெளி தானாக வரும்.

பத்மநாபபுரம் அரண்மனையில் கண்ணாடி மாதிரி மின்னுகிற கறுப்புத் தரையைப் பார்த்து, முட்டை வெள்ளைக்கருவும் சிரட்டைக் கரியும் சேர்த்துச் செய்தது என்று சொல்லிச் சொல்லி வியப்பார்கள். எனக்கு அங்கே போகும்போதெல்லாம் அதை எத்தனை பேர் எத்தனை நாள் முட்டியில் நின்று தேய்த்தார்களோ என்றுதான் ஓடும். தொழில் புத்தி.

காசு இல்லை, இப்போதைக்கு ஏதாவது வேண்டும் என்றால் குழந்தைகள் விளையாட விரிக்கிற நுரைப் பாய்த் துண்டுகளை இரண்டு மூன்று அடுக்கு சேர்த்து ஒட்டி, மேலே பழைய டயர் டியூபை வெட்டி உறையாக்கி, டியூபிலேயே அகலப் பட்டை வெட்டிக் கட்டலாம். பளபளப்பு டைல்ஸில் கறுப்பு டியூப் தடம் விடும், அதனால் வெளிவேலைக்கு மட்டும். தெர்மோகோல் வேண்டாம், ஒரு நாளில் பொடிந்துவிடும். சிமெண்ட் சாக்கை மடித்துப் போட்டு ஊன்றுகிறார்கள், மிச்சமிருக்கிற சிமெண்ட் தூள் வியர்வையில் ஊறி எரிப்பதுதான் மிச்சம்.

காண்ட்ராக்டர் வாங்கிக் கொடுக்க வேண்டியதுதானே என்றால், நியாயம் அதுதான், நான் என் ஆட்களுக்குக் கொடுக்கிறேன். அப்பா தனியாக வேலை பிடிக்கிறவர் என்றால் ரேட் பேசும்போதே அதையும் சேர்த்துப் பேசட்டும், ஒரு வீட்டுத் தரைக்கு ஆகிற செலவில் ஒரு ஜோடி பேட் கண்ணுக்கே தெரியாது.

எண்ணூறிலிருந்து ஆயிரத்தைந்நூறுக்குள், முகம் தட்டையான மென்மையான ரப்பர், அடர் நுரை, தொடையைப் பிடிக்கிற அகலப் பட்டை, இப்படி ஒன்றைப் பார்த்து எடுங்கள். திருப்பிக் கொடுக்க வசதி உள்ள இடத்தில் வாங்குங்கள், வீட்டுக்குள்ளே சுத்தமான தரையில் அரை மணி நேரம் முட்டி போட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். டைல்ஸ் வேலைக்கு எடுத்த பேட் தினமும் உழைத்தால் சில மாதத்தில் நுரை செத்துவிடும். கண்டுபிடிக்க, பேடைப் போட்டுக்கொண்டு டைல்ஸ் இடைவெளிக்கு வைக்கிற இரண்டு மி.மீ. ஸ்பேசர் ஒன்றின் மேல் முட்டி ஊன்றிப் பாருங்கள், ஸ்பேசர் இருப்பது முட்டில் தெரிந்தால் புதுசு வாங்குகிற நேரம். வீக்கம் வற்றாமல், ஊன்றக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தால், அதுவரை பேட் பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும், அப்பா சுவர் டைல்ஸ் வேலை கிடைக்கிறதா என்று பார்க்கட்டும்.